கையில் 600 யூரோ, கிறிஸ்துமஸ் விடுமுறை: ஆஹனிலிருந்து எங்கே போகலாம்?

வைகைக்கரை · நவம்பர் 8

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்காரன். இந்த அக்டோபரில்தான் ஜெர்மனியின் ஆஹனில் முதுநிலை சேர்ந்தேன். கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரம் வகுப்பு கிடையாது. விடுதியில் என் தளத்தில் இருக்கும் ஜெர்மன் பையன்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மதுரை போய்வர விமான டிக்கெட் கட்டுப்படியாகாது. அறையில் தனியாகக் கிடப்பதற்கு ஊர் சுற்றலாம் என்று ஒரு திட்டம் போட்டேன்.

ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், சூரிக், மிலான், வியன்னா, பிராக். பன்னிரண்டு நாள். பல நாட்டு ரயில்களில் ஏறலாம் என்கிற இன்டர்ரெயில் பாஸ், ராத்திரி பஸ், ஹாஸ்டல். ஊரிலிருந்து கொண்டுவந்த காசில் 600 யூரோ மிச்சம் இருக்கிறது. கல்விக் கடனில் வந்தவன், அப்பாவிடம் இதற்கு மேல் கேட்க மாட்டேன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் வரும் 992 யூரோ வாடகைக்கும் இன்சூரன்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடுகிறது. 600-க்குள் இது முடியுமா? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இன்டர்ரெயில் கொடுப்பார்களா, யூரெயில்தான் எடுக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை · நவம்பர் 8

முடியுமா என்பதற்கு முன்னால், செய்யலாமா என்று கேளுங்கள் தம்பி. யூரோ நூறு ரூபாயைத் தாண்டி நிற்கிறது. 600 யூரோ என்றால் உங்கள் அப்பா கணக்கில் அறுபதாயிரத்துக்கு மேல். தவணை கட்டுவது படிப்பு முடிந்த பிறகுதான் என்பதால் கடன் கண்ணில் படாது, ஆனால் வட்டி இப்போதே ஏறிக்கொண்டிருக்கிறது. பிப்ரவரியில் முதல் செமஸ்டர் தேர்வு வேறு. அந்தக் காசை அப்படியே வைத்திருங்கள். ஒரு மாதம் லேப்டாப் கெட்டுப்போகும், ஒரு மாதம் வீடு மாறும்போது டெபாசிட் கேட்பார்கள். வேலை கிடைத்த பிறகு நிம்மதியாகச் சுற்றலாம். ஐரோப்பா எங்கேயும் ஓடிப்போகாது.

சிங்காநல்லூர்_அக்கா · நவம்பர் 8

அவசரத்துக்குக் கையில் காசு வேண்டும் என்று கணக்குப்பிள்ளை அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. "வேலை கிடைத்த பிறகு" என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நானும் கடனில் வந்து படித்தவள்தான். இப்போது ஸ்டுட்கார்ட்டில் வேலை. வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் விடுப்பு, நிறைய இடங்களில் 30 நாள் வரை தருகிறார்கள். அது மொத்தமும் எங்கே போகிறது என்று வேலையில் இருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். தங்கை கல்யாணம், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை, வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள் என்று எல்லாம் கோயம்புத்தூருக்கே சரியாகிவிடுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் வகுப்பு இல்லாத ஆறு ஏழு வாரம் இந்தப் படிப்புக் காலத்தில்தான் கிடைக்கும். மாணவர் என்பதாலும் 26 வயதுக்குள் என்பதாலும் கிடைக்கிற சலுகைகளும் அப்படித்தான்.

ஆனால் தம்பி, உங்கள் திட்டம் சரியில்லை. பன்னிரண்டு நாளில் ஏழு ஊர். ஊர் மாறும் ஒவ்வொரு நாளையும் எழுதிப் பாருங்கள். ஹாஸ்டலில் காலை பத்து பதினோரு மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள், அடுத்த ஊரில் மதியம் மூன்றுக்குத்தான் உள்ளே விடுவார்கள். நடுவில் லாக்கருக்குக் காசு, ஸ்டேஷன் கழிப்பறைக்குக் காசு, பசித்தால் ஸ்டேஷன் கடையில் வெளிவிலைக்கு ஒன்றரை மடங்கு. புது ஊரில் பஸ், டிராம் டிக்கெட் வேறு. ஒரே ஊரில் நாலு நாள் இருந்தால் இதெல்லாம் ஒரு தடவைதான். மாணவன் காசைத் தின்பது தூரமில்லை, இந்த மாறிக்கொண்டே இருப்பதுதான்.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை பிராக், வியன்னா, ஆம்ஸ்டர்டாமில் ஹாஸ்டல் கட்டில் விலை சாதாரண நாளைவிட இரண்டு மூன்று மடங்கு. அதே கட்டில் மார்ச் முதல் வாரத்தில் காலியாகக் கிடக்கும்.

ஜன்னலோரம் · நவம்பர் 9

பாஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது முக்கியமில்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான். ஐரோப்பாவில் சட்டப்படி வசிப்பதற்கான அத்தாட்சி இருந்தால் இன்டர்ரெயில்தான், இல்லாதவர்களுக்குத்தான் யூரெயில். 27 வயது வரை இளைஞர் விலை. ஆனால் வசிக்கும் நாட்டுக்குள் அந்தப் பாஸ் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் மட்டுமே செல்லும். பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலியின் அதிவேக ரயில், யூரோஸ்டார் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும், பாஸ்காரர்களுக்கான இடமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்கள் 600-ல் பாதி வண்டியிலேயே போய்விடும்.

அதைவிட, உங்கள் போனில் ஏற்கெனவே ஒரு டிக்கெட் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யாராவது சொன்னார்களா? நாடு முழுக்கச் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது. 2025-ல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட் அதில் 60 சதவீதம், உங்கள் செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்து அது ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஆர்.இ., ஆர்.பி. என்ற வட்டார ரயில்கள், எஸ்-பான் என்ற நகர்ப்புற ரயில், ஊர்ப் பஸ், டிராம் எல்லாவற்றிலும் நாடு முழுக்கச் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., ஃபிளிக்ஸ்டிரெயின் போன்ற தொலைதூர ரயில்களில் ஏறக் கூடாது. வடக்கே பால்டிக் கடற்கரை முதல் தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரம் வரை இதிலேயே போகலாம், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், குஃப்ஸ்டைன் ஸ்டேஷன்கள் வரைக்கும் செல்லும்.

ஆஹனிலிருந்து நான் சொல்லும் முதல் பயணம் டிரியர், அங்கிருந்து லக்சம்பர்க். கொலோனிலிருந்து ஐஃபெல் மலைவழிப் பாதை 2021 ஜூலை வெள்ளத்தில் சிதைந்து, சீரமைப்பு வேலை 2025-லும் முழுசாக முடியவில்லை. அதனால் கொலோன், கோப்ளென்ஸ், டிரியர் என்று போங்கள். அதுதான் அழகும். கொலோன் தாண்டி ரைன் நதி கூடவே வரும், கோப்ளென்ஸில் மாறினால் மோசல் நதி. போகும்போது நதி பக்கம் ஜன்னலைப் பிடியுங்கள். குளிர்காலத்தில் செங்குத்துச் சரிவில் திராட்சைக் கொடிகள் இலை இல்லாமல் வரிசை வரிசையாக நிற்கும், கோஹெம் வரும்போது மலைமேல் கோட்டை தெரியும். ஆஹனில் ஏறினால் ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

டிரியரில் ரோமானியர் காலத்துப் போர்ட்டா நிக்ரா வாயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். கார்ல் மார்க்ஸ் பிறந்த வீடும் அங்கேதான். அங்கே தங்கிக்கொண்டு பகலில் லக்சம்பர்க் போய்வாருங்கள். அந்த நாட்டில் 2020 மார்ச்சிலிருந்து பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எதற்கும் டிக்கெட் இல்லை, உள்ளூர்க்காரர் வெளியூர்க்காரர் எல்லாருக்கும். எல்லை வரை உங்கள் செமஸ்டர் டிக்கெட், எல்லைக்கு அப்பால் இலவசம். ஆக ஒரு சென்ட் செலவில்லாமல் இன்னொரு நாட்டுத் தலைநகரில் இறங்கலாம். பழைய நகரம் 1994-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வியாண்டன் கோட்டை வரைக்கும்கூட பஸ் இலவசம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கோப்ளென்ஸில் புறப்படும் வண்டி டிரியரில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லக்சம்பர்க், மறு பாதி சார்புரூக்கன் பக்கம். நேராக லக்சம்பர்க் போகிற நாளில் பெட்டிக்கு மேல் எரியும் பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஸ்டெம்பிள் · நவம்பர் 9

காசைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஜெர்மனியின் டி விசாவோ (நீண்டகாலம் தங்குவதற்கான விசா) வசிப்பு அட்டையோ இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம், தனி விசா வேண்டாம். 2023-ல் குரோஷியாவும், 2025 ஜனவரியில் ருமேனியா, பல்கேரியாவும் முழுசாக உள்ளே வந்துவிட்டன. இங்கிலாந்து, அயர்லாந்து இதில் வராது, நமக்கு விசா வேண்டும்.

ஷெங்கனுக்குள் சோதனையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைத்திருக்கிறது. போன மாதம் பிராக்கிலிருந்து ராத்திரி பஸ்ஸில் திரும்பினேன். எல்லை தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார்கள். விளக்கு எரிந்தது, இரண்டு காவலர்கள் ஏறி ஒவ்வொரு இருக்கையாக வந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பையன், அவனும் இந்திய மாணவன்தான், போனில் பாஸ்போர்ட் படத்தைக் காட்டினான். அசல் எங்கே என்று கேட்டு அவனைப் பையோடு கீழே இறக்கினார்கள். நாங்கள் கிளம்பும் வரை அவன் திரும்ப ஏறவில்லை. அசல் பாஸ்போர்ட்டும் அட்டையும் சட்டைக்கு உள்ளே இருக்க வேண்டும், அடியில் போடும் பெட்டியில் வேண்டாம்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன என்பதையும் பாருங்கள். அரசு முறை இன்சூரன்ஸ் அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் பெரும்பாலும் செல்லும், ஆனால் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் செல்லாது. அங்கே போவதென்றால் பயணக் காப்பீடு தனியாக எடுங்கள், மாணவருக்கு விலை ரொம்பக் குறைவு.

வைகைக்கரை · நவம்பர் 9

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. எனக்கு டி விசா மார்ச் 20 வரை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஏப்ரலில்தான் நேரம் கிடைத்திருக்கிறது. அப்படியானால் அக்கா சொல்கிற மாதிரி மார்ச்சில் போனால் சிக்கலா?

ஸ்டெம்பிள் · நவம்பர் 10

20-ஆம் தேதிக்குள் திரும்பிவிட்டால் சிக்கல் இல்லை. விசா முடிவதற்கு முன்பே நீட்டிப்பு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், நேரம் வாங்கியதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பி, வந்து சேர்ந்ததற்குப் பதில் வாங்கி வையுங்கள். அதன்பிறகு வெளியே போக ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலத் தாள் வேண்டும். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது, அதாவது வசிப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவு டிக் ஆகியிருந்தால் பழைய அனுமதி தொடர்வதாக அர்த்தம், பழைய விசாவோடும் பாஸ்போர்ட்டோடும் சேர்த்து அதை வைத்துக்கொண்டு வெளியே போய்த் திரும்பலாம். முதல் கட்டத்தில் டிக் இருந்தால் அந்தத் தாளை நம்பி ஜெர்மனியை விட்டு வெளியே கால் வைக்கவே வைக்காதீர்கள். இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கும் இதேதான்.

நிலா_மியூனிக் · நவம்பர் 10

தங்குவதற்கு: தனியார் ஹாஸ்டல் மட்டும் தேடாமல் யுகெண்ட்ஹெர்பெர்கெ என்ற இளைஞர் விடுதிகளையும் பாருங்கள். உலகத்திலேயே முதல் நிரந்தர இளைஞர் விடுதி இந்த நாட்டில்தான், ஆல்டெனா கோட்டையில் திறந்தது. உறுப்பினர் அட்டை 26 வயது வரை மலிவு, படுக்கை விரிப்பும் காலைச் சாப்பாடும் அறை விலையிலேயே அடங்கும். கிறிஸ்துமஸ் நாட்களில் பலது மூடியிருக்கும், 27-க்குப் பிறகு கேளுங்கள். தனியார் ஹாஸ்டல் என்றால் சமையலறை உண்டா என்பதை முதலில் பாருங்கள். விலை ஐந்து யூரோ கூட இருந்தாலும் சமையலறை உள்ளதுதான் கடைசிக் கணக்கில் மலிவு.

நான் எப்போதும் ஒரே மாதிரிதான் கட்டுவேன். முதல் நாளுக்குப் புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சாதத்தை நன்றாக ஆறவிட்டுக் கிளறினால் மறுநாள் ராத்திரி வரை அசையாது. சின்ன டப்பாவில் பருப்புப்பொடி, இன்னொன்றில் தக்காளித் தொக்கு, ரசப்பொடி கொஞ்சம். அரிசியும் தயிரும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஹாஸ்டல் அடுப்பில் ரசம் கொதித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் என்ன வாசனை என்று கேட்டு வருவார்கள், பாதி நட்பு எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, 24-ஆம் தேதி மதியத்தோடு மூடினால் 27 காலைதான் திறப்பார்கள். அதற்கு முன்னால் வாங்கி வையுங்கள்.

பெண் பிள்ளைகள் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி இரண்டு மணிக்கு இறக்கிவிடும் பஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் டாக்ஸி எடுக்க நேர்ந்தால் மிச்சம் பிடித்தது மொத்தமும் போய்விடும், ஸ்டேஷன் வாசலில் விடியும் வரை நிற்கும் பயம் வேறு. வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேரும் வண்டி, பெண்களுக்கு மட்டுமான அறை, எங்கே தங்குகிறோம் என்று ஒரு தோழிக்குச் செய்தி. இந்த மூன்றிலும் கஞ்சம் பார்க்க வேண்டாம்.

ரூர்வாசி · நவம்பர் 11

தம்பி, நான் யாழ்ப்பாணம், டோர்ட்முண்டில் கனகாலமாக இருக்கிறேன். ஆஹனில் ஆர்.இ. 1 ஏறினால் மாறாமல் ஹம் நகரில் வந்து இறங்கலாம், மூன்று மணித்தியாலம் வரும். அங்கே ஊன்ட்ராப்பில் எங்கட காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தது. தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரத்தைக் கண்டால் நம்பமாட்டீர்கள். கோடை தொடங்கும்போது தேர்த் திருவிழா, ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். விடுமுறையில் தனிய இருக்கிற பிள்ளைகள் ஒரு நாள் வாங்கோ, உங்களுக்கும் ஊர் நினைவு கொஞ்சம் ஆறும்.

பாரிஸ் போனால் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பல். தோசை, கொத்து ரொட்டி, சோறு கறி எல்லாம் மற்ற இடங்களை விட மலிவு.

சிங்காநல்லூர்_அக்கா · நவம்பர் 11

பாரிஸ் என்றதும் நினைவு வந்தது. லூவ்ர் மியூசியத்தில் 26 வயதுக்குக் கீழே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இலவசம், குடியுரிமை கேட்பதில்லை. 2025-ல் சாதாரண டிக்கெட் 22 யூரோ. வெர்சாய் அரண்மனையும் பிரான்சின் தேசிய நினைவுச் சின்னங்கள் பலவும் இதே மாதிரிதான். டிக்கெட் ஜன்னலில் சும்மா நின்று கேட்டால் சுற்றுலாப் பயணி என்று நினைப்பார்கள், விசா பக்கத்தைத் திறந்து நீட்டுங்கள். இணையத்தில் நேரம் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், செவ்வாய் லூவ்ர் விடுமுறை. இத்தாலி அரசு மியூசியங்களில் இளைஞர் சலுகை ஐரோப்பியக் குடிமக்களுக்குத்தான், நமக்கில்லை. அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம், அதைப் பார்த்துத் தேதி வைக்க வேண்டும். மியூனிக்கில் பினாகோதெக் மியூசியங்கள் ஞாயிறன்று ஒரு யூரோ.

எல்பநதி · நவம்பர் 12

மார்ச் பயணத்துக்கு என் ஓட்டு டிரெஸ்டனும் பிராக்கும். டிரெஸ்டனிலிருந்து எஸ் 1 ரயிலில் ராத்தன் போங்கள், செமஸ்டர் டிக்கெட் போதும். இறங்கினால் எல்ப நதிக்கு அக்கரையில்தான் ஊர். குறுக்கே போகும் தோணிக்கு இஞ்சின் கிடையாது. நீரோட்டத்துக்கு மேல்பக்கம் ஆற்றின் நடுவில் நங்கூரம் போட்டு நீளமான கம்பியில் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி தோணியை ஒரு பக்கம் சாய்வாகத் திருப்பினால் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளுகிறது, மறுபக்கம் திருப்பினால் இக்கரைக்கு. சத்தமே இல்லை. ஏறி முக்கால் மணி நேரம் மலை நடந்தால் பாஸ்டை பாலம், 1851-ல் மணற்கல்லில் கட்டியது, நுழைவு இலவசம். பிராக் அங்கிருந்து பஸ்ஸில் பக்கம். சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் ஜெர்மனியைவிடக் குறைவு.

கணக்குப்பிள்ளை · நவம்பர் 12

எல்லாம் படித்தேன். கடன் காசில் சுற்றுவது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் டிரியர் கணக்கு வேறு, அது 150 யூரோவுக்குள் முடிகிற விஷயம். அதனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள் தம்பி. இப்போதே உங்கள் துறையில் ஹிவி, அதாவது மாணவ உதவியாளர் வேலைக்கு நாலு பேராசிரியருக்கு எழுதுங்கள். மாணவர் விசாவில் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், பல்கலைக்கழக உதவியாளர் வேலை அந்தக் கணக்கிலேயே வராது. குறைந்தபட்சக் கூலி 2025-ல் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 13.90. மார்ச் பயணம் அந்தச் சம்பளத்திலிருந்து போகட்டும். உங்கள் சொந்த உழைப்பில் போனால் அப்பாவுக்குப் போனில் படம் அனுப்பும்போது மனசு உறுத்தாது.

சிங்காநல்லூர்_அக்கா · நவம்பர் 12

இதை நான் முழுசாக ஏற்கிறேன் அண்ணா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். படம் அனுப்பத் தயங்காதே தம்பி. பயணம் போனதையே முதல் வருஷம் வீட்டில் சொல்லாமல் இருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், காசு எங்கே என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். செலவு இவ்வளவு, டிக்கெட் இலவசம் என்று சொல்லிவிட்டுப் படம் அனுப்பு. மகன் மோசல் நதிக்கரையில் நிற்பதைப் பார்த்து எந்த அப்பாவும் வட்டிக் கணக்குப் போட மாட்டார்.

வைகைக்கரை · நவம்பர் 13

எல்லாருடைய பேச்சையும் கேட்டு ஏழு ஊர்த் திட்டத்தைக் கிழித்துவிட்டேன். 22-ஆம் தேதி ஹம் கோயில், அன்று ராத்திரியே திரும்பிவிடுவேன். 27 முதல் 30 வரை டிரியர், நடுவில் ஒரு நாள் லக்சம்பர்க். மூன்று இரவு தங்க 100 யூரோ, சாப்பாட்டுக்கு 40 ஒதுக்கியிருக்கிறேன். 450-ஐத் தொட மாட்டேன். ஹிவிக்கு நேற்று இரண்டு பேருக்கு எழுதிவிட்டேன். மார்ச்சில் டிரெஸ்டன், பிராக், 20-க்கு முன்னால் திரும்புகிற மாதிரி. ஆஹனில் விடுமுறைக்கு வேறு யாராவது தனியாக இருக்கிறீர்களா?

புதுக்கோட்டை_2003 · நவம்பர் 13

நான் இருக்கிறேன் ப்ரோ, ஆஹன்தான், கணினித் துறை. 27 எனக்கும் சரி. என் அறைத்தோழன் ஒருவனும் வருகிறான், ஈரோடு. மூன்று பேர் என்றால் டிரியரில் நாலு கட்டில் அறையைப் பார்க்கலாம், தலைக்கு இன்னும் குறையும். புளியோதரை நான் கிளறிக்கொண்டு வருகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் ஒரு ஆர்.இ. கொலோனுக்கு இருக்கும், நேரத்தை முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

ஜன்னலோரம் · நவம்பர் 13

விடுமுறை நாட்களில் ரயில் அட்டவணை மாறும், 26 ராத்திரி ஒரு முறை பாருங்கள். கோப்ளென்ஸில் மாற அரை மணியாவது இடைவெளி உள்ள வண்டியாகத் தேர்ந்தெடுங்கள், முதல் ரயில் தாமதமானாலும் அடுத்ததைப் பிடித்துவிடலாம்.